வங்கித் தேர்வுக் கணிதமும் ஆங்கிலமும்: தலைப்புவாரிப் பயிற்சியா, 20 நிமிடத் தேர்வா, முழு மாக்கா?

வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐ.பி.பி.எஸ். நடத்தும் கிளார்க் தேர்வின் முதல்நிலைத் தேர்வான பிரிலிம்ஸில் ஆங்கிலம் 30 கேள்விகள், கணிதம் 35, ரீசனிங் 35. இந்தப் பணிக்கு இப்போதைய பெயர் வாடிக்கையாளர் சேவை உதவியாளர். ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக 20 நிமிடம் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தை 14 நிமிடத்தில் முடித்தாலும் மிச்சமுள்ள 6 நிமிடத்தைக் கணிதத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஆக, கணிதத்தில் ஒரு கேள்விக்கு 34 நொடி, ஆங்கிலத்தில் 40 நொடி. பிரிலிம்ஸ் மதிப்பெண் இறுதித் தேர்வுப் பட்டியலில் சேர்வதும் இல்லை. முதன்மைத் தேர்வான மெயின்ஸுக்குள் நுழைய வைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

எந்த வகைப் பயிற்சி பலன் தரும் என்பதை இந்த அமைப்பே தீர்மானிக்கிறது. கடைகளிலும் செயலிகளிலும் நான்கு வகை கிடைக்கின்றன: தலைப்புவாரிப் பயிற்சி நூல், பழைய வினாத்தாள் தொகுப்பு, 20 நிமிடப் பகுதித் தேர்வு, 60 நிமிட முழு மாக் (மாதிரித் தேர்வு). நான்கையும் ஒரே மாதிரி இரண்டு பாடங்களுக்கும் பயன்படுத்துவதுதான் பெரும்பாலானோர் நேரத்தை இழக்கும் இடம். கணிதத்துக்குப் பொருந்துவது ஆங்கிலத்துக்குப் பொருந்தாது.

கணிதம்: தலைப்பு நூல் எதுவரை?

அடிப்படை இல்லாதவருக்குத் தலைப்பு நூலைத் தவிர வேறு வழி இல்லை. சதவீதம், விகிதம், சராசரி, இலாப நட்டம், தனிவட்டி கூட்டுவட்டி, வேலை நேரம், வேகம் தூரம் ஆகியவற்றை இந்த வரிசையில் முடிக்கலாம். சதவீதம் வலுவாக இருந்தால் அடுத்த நான்கும் பாதி நேரத்தில் ஏறும். எல்லாத் தேர்வுகளுக்கும் பொதுவான நூல் என்றால் திரிகோணமிதி, வட்டத் தேற்றங்கள் போன்ற பக்கங்களைத் தயங்காமல் தாண்டிவிடுங்கள். வங்கி கிளார்க் பிரிலிம்ஸுக்கு அவை வேண்டாம்.

தலைப்பு நூலின் குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. 'கூட்டுவட்டி' என்று தலைப்பிட்ட பக்கத்தில் வரும் 50 கணக்கும் கூட்டுவட்டிதான். எந்த வழியில் போடுவது என்று யோசிக்கும் வேலையைத் தலைப்பே செய்துவிடுகிறது. தேர்வில் அந்த அடையாளம் காணும் வேலைக்குத்தான் 34 நொடியில் கணிசமான பங்கு போகிறது. நூலில் 50-க்கு 45 எடுத்தவர் கலந்து வரும் 35 கேள்விகளில் 15-இல் நின்றுபோவது இதனால்தான். இதைச் சரிசெய்ய, நான்கு தலைப்புகள் முடிந்ததும் ஒவ்வொன்றிலிருந்தும் 5 கேள்விகளை எடுத்துக் கலந்து 20 கேள்விகளாகப் போடுங்கள். அதற்குப் பிறகு புதுத் தலைப்புக்குப் போங்கள்.

நூலின் நீண்ட விடைமுறையை அப்படியே பழகிக்கொள்வது இன்னொரு சிக்கல். 12,500 ரூபாய்க்கு 8% வீதம், 2 ஆண்டு, கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம் என்ன? சூத்திரப்படி இரண்டு வட்டியையும் தனித்தனியே கண்டுபிடித்துக் கழித்தால் ஒரு நிமிடம் போய்விடும். 12,500-இல் 8% என்பது 1,000. அந்த 1,000-இல் 8% என்பது 80. வித்தியாசம் அதுதான், ஏனென்றால் இரண்டாம் ஆண்டில் கூடுதலாக வருவது முதல் ஆண்டு வட்டியின் மேல் வரும் வட்டி மட்டுமே. காரணம் புரிந்து பழகிய குறுக்குவழி தேர்வறையில் மறக்காது. காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்தது, கேள்வியில் 2 ஆண்டு 3 ஆண்டாக மாறியதும் தவறான விடையைத் தரும்.

தலைப்பு நூலை என்றைக்கும் கைவிடக்கூடாத ஒரே பகுதி சிம்ப்ளிஃபிகேஷன், அப்ராக்ஸிமேஷன். தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. 30 வரை வர்க்கம், 20 வரை கன எண், 25 வரை வாய்ப்பாடு, பின்னமும் சதவீதமும் எல்லாம் விரல் நுனியில் இருக்க வேண்டும். 37.5% என்பது 3/8, 62.5% என்பது 5/8, 6.25% என்பது 1/16, 1/7 என்பது 14.28% அளவு. 1344-இல் 37.5% கேட்டால் 8-ஆல் வகுத்து 168, 3-ஆல் பெருக்கி 504. எழுதவே வேண்டாம். தோராயக் கணக்கும் அப்படித்தான்: 623.97 ÷ 12.98 × 5.02 − 39.89 என்றால் 624-ஐ 13-ஆல் வகுத்து 48, ஐந்தால் பெருக்கி 240, நாற்பதைக் கழித்து 200. தினமும் 15 நிமிடம் இதற்கு மட்டும் ஒதுக்குங்கள். தேர்வுக்கு முந்தைய நாள்வரை நிறுத்த வேண்டாம்.

பழைய வினாத்தாள்

ஐ.பி.பி.எஸ். தன் வினாத்தாள்களை வெளியிடுவதில்லை. 'சென்ற ஆண்டு வினாத்தாள்' என்ற பெயரில் கிடைப்பவை தேர்வு எழுதியவர்கள் நினைவிலிருந்து சொன்னதை வைத்துத் தொகுக்கப்பட்டவை. எந்த வகையில் எத்தனை கேள்வி வந்தது என்பதை அறிய இவை நல்ல சான்று. எண்களை அப்படியே நம்ப முடியாது. இரண்டு முறை போட்டும் விருப்பங்களில் உள்ள விடை வரவில்லை என்றால், கேள்வியிலேயே எண் மாறியிருக்கலாம். விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

20 நிமிடத் தேர்வு: கணிதத்தின் முதுகெலும்பு

நான்கில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கணிதத்துக்கு இதைத்தான் சொல்வோம். இது தேர்வின் உண்மையான அளவு. 20 நிமிடம் எழுதி 40 நிமிடம் திருத்தினாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வாரத்துக்கு ஐந்து தாராளமாக முடியும்.

நேரப் பங்கீட்டை இப்படி வைத்துப் பாருங்கள்: சிம்ப்ளிஃபிகேஷன் 12 முதல் 15 கேள்விகள் 5 நிமிடத்தில், நம்பர் சீரிஸ் 5 கேள்விகள் 3 நிமிடத்தில், எளிய டேட்டா இன்டர்ப்ரிடேஷன் (அட்டவணை, வரைபடக் கணக்கு) ஒரு தொகுப்பு 4 நிமிடத்தில், மிச்ச 8 நிமிடம் வாக்கியக் கணக்குகளுக்கு. எந்த வகை எத்தனை என்பது ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறும். மாறாமல் வைத்துக்கொள்ள வேண்டியது ஒரு விதி: கேள்வியைப் படித்து 15 நொடிக்குள் வழி தெரியவில்லை என்றால் நகர்ந்துவிட வேண்டும். கணிதப் பகுதியில் தோற்பவர்களில் பலர் கணக்குத் தெரியாமல் தோற்பதில்லை. ஒரு கணக்கை விட மனமில்லாமல் 3 நிமிடம் கொடுத்துத் தோற்கிறார்கள்.

எண் தொடரில் அந்த 15 நொடி எப்படிப் போகிறது என்று பாருங்கள். 7, 8, 18, 57, 232, அடுத்து என்ன? பழக்கத்தில் வித்தியாசம் எடுத்தால் 1, 10, 39, 175 என்று எதற்கும் பிடிகொடுக்காத எண்கள் வரும். கடைசி எண் அதற்கு முந்தையதைப்போல நான்கு மடங்கு இருக்கிறதே என்று முதலில் கவனித்தால் பெருக்கல் தொடர் என்பது புரிந்துவிடும்: ×1+1, ×2+2, ×3+3, ×4+4, எனவே 232×5+5 = 1165. மெதுவாக ஏறும் தொடருக்கு வித்தியாசம், தாவி ஏறும் தொடருக்குப் பெருக்கல். கடைசி இரண்டு எண்களிலிருந்து தொடங்குவதே நேரம் மிச்சம்.

இருபடிச் சமன்பாட்டில் தவறு வேறு மாதிரி. x² − 11x + 28 = 0 என்பதற்கு 7, 4. y² − 7y + 12 = 0 என்பதற்கு 4, 3. பெரிய எண்ணைப் பார்த்ததும் x > y என்று அழுத்திவிடுவார்கள். இரண்டிலும் 4 இருப்பதால் விடை x ≥ y. நான்கு இணைகளையும் ஒப்பிட 5 நொடிதான் ஆகும். அதைச் சேமிக்கப் போய் 1 மதிப்பெண்ணோடு 0.25-உம் போகிறது.

திருத்தும்போது தவறுகளை மூன்றாகப் பிரியுங்கள்: வழியே தெரியாதவை, தெரிந்தும் நேரம் இழுத்தவை, அவசரத்தில் எண்ணையோ குறியையோ மாற்றியவை. முதல் வகைக்குத் தலைப்பு நூலுக்குத் திரும்ப வேண்டும். இரண்டாம் வகையை வேறு வழியில் மறுபடி போட வேண்டும். மூன்றாம் வகை பெரும்பாலும் திரையிலிருந்து தாளுக்கு எண்களை எழுதும்போது நடக்கிறது. கேள்வியை முழுதாக எழுதாமல் கணக்கிட்ட எண்ணை மட்டும் எழுதப் பழகினால் குறையும்.

அதனால்தான் இந்தத் தேர்வுகளைத் திரையில் எழுதச் சொல்கிறோம். தாளில் போடுபவருக்குத் தெரியாத ஒரு ஆபத்தும் திரையில் உண்டு. விடையைத் தேர்ந்தெடுத்த பின் 'சேவ் அண்ட் நெக்ஸ்ட்' அழுத்தாமல் வலப்பக்கம் உள்ள எண் கட்டத்தைத் தொட்டு வேறு கேள்விக்குப் போனால் அந்த விடை பதிவாகாது. கைபேசிச் செயலியில் மட்டும் பழகியவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது கணினியில் மவுஸ் பிடித்து எழுதுங்கள்.

ஆங்கிலம்: இங்கே கணக்கு மாறுகிறது

கணிதத்துக்கு வலுவான 20 நிமிடத் தேர்வு ஆங்கிலத்தில் அளவுகோலாக மட்டுமே பயன்படும். தினமும் ஒன்று எழுதினால் மதிப்பெண் அதே இடத்தில் நின்றுவிடும். ரீடிங் காம்ப்ரிஹென்ஷனும் (பத்தி படித்து விடையளிப்பது) க்ளோஸ் டெஸ்டும் (பத்தியில் விடுபட்ட சொற்களை நிரப்புவது) சேர்ந்து பகுதியின் பெரும் பங்கை எடுத்துக்கொள்கின்றன. அவற்றைத் தீர்மானிப்பது படிக்கும் வேகம். அது தேர்வு எழுதுவதால் ஏறாது, படிப்பதால் ஏறும். 400 சொல் கொண்ட பத்தியை எடுத்துக் கடிகாரம் வைத்துப் படியுங்கள். 3 நிமிடத்துக்கு மேல் ஆனால், இலக்கணம் எவ்வளவு தெரிந்தாலும் பத்திக் கேள்விகளில் நேரம் போதாது. ஆங்கில நாளிதழின் தலையங்கமும் வணிகப் பக்கமும் தினம் 30 நிமிடம், குறைந்தது 2 மாதம். தெரியாத சொல்லுக்கு உடனே அகராதியைத் திறக்காமல், முழுப் பத்தியும் படித்துப் பொருளை ஊகித்த பிறகு பாருங்கள். க்ளோஸ் டெஸ்டில் செய்யப்போவதும் அதே வேலைதான்: விருப்பங்களைப் பார்க்கும் முன் அந்த இடத்துக்கு எந்தச் சொல் வரும் என்று தானே நினைத்துக்கொள்வது.

எரர் ஸ்பாட்டிங்குக்கும் ஃபில்லர்ஸுக்கும் தலைப்பு நூலே போதும், முழு மாக் தேவையில்லை. தமிழ்வழி படித்தவர்களுக்குக் குறிப்பிட்ட சில இடங்களில்தான் திரும்பத் திரும்பத் தவறுகிறது. நம் மொழியில் ஆர்ட்டிகிள் இல்லாததால் 'ஏ', 'ஆன்', 'தி' விடுபட்ட வாக்கியம் காதுக்குச் சரியாகவே ஒலிக்கும். 'பற்றிப் பேசினோம்' என்ற பழக்கத்தில் 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபௌட்' வந்தாலும் கண்ணில் படாது. 'பிரிஃபர்', 'சீனியர்', 'ஜூனியர்' ஆகியவற்றுக்குப் பின் 'தேன்' (than) வராது, 'டு' வரும். 'நோ சூனர்' வந்தால் 'தேன்', 'ஹார்ட்லி' வந்தால் 'வென்'. 'ஒன் ஆஃப் தி' வந்தால் பெயர்ச்சொல் பன்மை, வினை ஒருமை. இப்படிப்பட்ட விதிகளைத் தொடர்ந்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 10 வாக்கியங்கள் திருத்தினால் போதும். கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்தும் பாரா ஜம்பிளில் 'ஹவெவர்', 'தீஸ்', 'சச்' என்று தொடங்கும் வாக்கியம் பொதுவாக முதலில் வராது. அதை ஒதுக்கி, கட்டாயம் ஒட்டி வரும் இரண்டு வாக்கியங்களைப் பிடித்தாலே பாதி விருப்பங்கள் கழிந்துவிடும்.

விருப்பங்களைக் கழிப்பது என்றதும் நெகட்டிவ் மார்க் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஐந்து விருப்பங்கள், தவறுக்கு 0.25. கண்ணை மூடி அடித்தால் சராசரி இலாபம் சரியாகப் பூஜ்யம்: 1/5 − (4/5 × 1/4) = 0. இரண்டு விருப்பங்களை உறுதியாகக் கழித்துவிட்டால் 1/3 − (2/3 × 1/4) = 1/6. அப்படி 6 கேள்விகள் எழுதினால் சராசரியாக 1 மதிப்பெண் கூடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டைக் கழிப்பது அடிக்கடி முடியும். கணிதத்தில் விருப்பங்கள் நெருங்கிய எண்களாக இருப்பதால் அரிதாகவே முடியும். எனவே ஆங்கிலத்தில் துணிந்து எழுதலாம், கணிதத்தில் போடாத கணக்கை விட்டுவிடலாம். 'அட்டெம்ப்ட் எத்தனை' என்று இரண்டு பாடங்களுக்கும் ஒரே இலக்கு வைப்பது தவறு.

முழு மாக்

கடைசி 4 வாரங்களுக்கு முன் இது அதிகம் தேவைப்படாது. ஒரு பகுதி சரியாகப் போகாதபோது அந்தப் பதற்றத்தை அடுத்த 20 நிமிடத்துக்கு எடுத்துச் செல்லாமல் இருக்கப் பழகுவதுதான் இதன் பயன், அது பெரிய பயனும்கூட. வாரம் இரண்டு போதும். தினம் ஒன்று எழுதி ரேங்கை மட்டும் பார்த்து மூடிவிடுபவர்கள் அதே தவறுகளையே தினமும் பழகிக்கொள்கிறார்கள்.

கணிதத்தைத் தமிழில் எழுதலாமா?

பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் தேர்வை ஆங்கிலம், இந்தியோடு 13 மாநில மொழிகளிலும் நடத்த மத்திய நிதி அமைச்சகம் 2021-இல் பரிந்துரைத்தது. அவற்றில் தமிழும் உண்டு. ஆனால் அதிகாரிப் பணிக்கான பி.ஓ. தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. கிளார்க் மட்டும் எழுதுபவர், வாக்கியக் கணக்கைத் தமிழில் விரைவாகப் புரிந்துகொள்வார் என்றால் தமிழே எடுக்கலாம். பயிற்சியும் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கில மாக்கில் பழகிவிட்டுத் தேர்வில் 'குறித்த விலை', 'அசல்' என்பவற்றை முதன்முறையாகச் சந்தித்தால் நேரம் போகும். பி.ஓ.வும் எழுதும் எண்ணம் இருந்தால் ஆங்கிலத்திலேயே பழகுவது மேல். அப்போது ஒன்றைக் கவனியுங்கள். 'பி-யைவிட ஏ 20% அதிகம்' என்னும்போது, 100 ஆக எடுக்க வேண்டிய பி தமிழில் முதலிலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அது 'தேன்' என்பதற்குப் பிறகு, கடைசியில் வரும்.

கிராம வங்கித் தேர்வு எழுதுபவர்களுக்கு

சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கிக்கு ஆர்.ஆர்.பி. (வட்டாரக் கிராம வங்கிகள்) கிளார்க் தேர்வு எழுதுபவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி மாறும். அதன் பிரிலிம்ஸில் ஆங்கிலமே இல்லை. ரீசனிங் 40, கணிதம் 40, மொத்தம் 45 நிமிடம். பகுதிகளுக்கிடையே பூட்டு இல்லாத தாள் என்றால், 20 நிமிடத் தேர்வை மட்டும் நம்பினால், ரீசனிங்கில் ஒரு புதிர் பிடிவாதம் பிடிக்கும்போது கணிதத்தின் நேரம் கரைவதை உணர முடியாது. அப்படிப்பட்ட தாளை 45 நிமிடக் கூட்டுத் தேர்வாகவே பழகுங்கள். ரீசனிங்குக்கு 20 நிமிடம் என்று கடிகாரத்தில் கோடு போட்டு, அது வந்ததும் புதிர் பாதியில் இருந்தாலும் கணிதத்துக்கு மாறுங்கள். மெயின்ஸில் ஆங்கிலம் அல்லது இந்தி என்று ஒன்றை எடுக்க வேண்டியிருப்பதால், நாளிதழ் வாசிப்பை மட்டும் பிரிலிம்ஸ் மாதங்களிலும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.