பேஸ்மென்ட் இல்லாத வீட்டுக்கு லோன் கிடைக்காதுன்னு சொன்னா நம்பிடாதீங்க, நான் நம்பி ஏமாந்தேன்

அமெரிக்காவுல ஒஹையோ, மிச்சிகன் பக்கம் வீடு விக்கப் போறவங்க இதப் படிச்சுட்டுப் போங்க. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் சொல்றேன்.

கொலம்பஸ் பக்கத்துல ஹில்லியர்ட்ல எங்க வீடு. ஸ்லாப் வீடு, தரையோட கான்கிரீட் போட்டு அது மேலயே கட்டினது, கீழ பேஸ்மென்ட், அதாவது தரைக்கடியில ரூம், கிடையாது. 2017-ல வாங்கினோம். 2024-ல டெக்சஸ்ல இருக்கற டாலஸுக்கு வேலை மாத்தல், ரெண்டு மாசத்துல கிளம்பணும், கைக்குழந்தை வேற. தெரிஞ்சவர் மூலமா ஒரு ஏஜென்ட் வந்தாரு, நம்ம ஊர்க்காரர்தான், காபி குடிச்சிட்டு வீட்ட சுத்திப் பாத்துட்டு "கீழ இறங்கற படி எங்க சார்?"னாரு. இல்லைன்னதும் உதட்டப் பிதுக்கினாரு பாருங்க, ஏதோ வீட்டுக்குக் கூரையே இல்லாத மாதிரி.

"பேஸ்மென்ட் இல்லாத வீட்டுக்கு இங்க லோன் தர்றதில்ல சார், 2022-ல அப்ரைசல் ரூல், அதான் லோனுக்காக வீட்ட மதிப்புப் போடற ரூல், மாறிடுச்சு, லோன் போட்டு வாங்கறவன் கடைசி நேரத்துல கழண்டுக்குவான், என்கிட்ட லோன் இல்லாம மொத்தக் காசும் கொடுத்து வாங்கற ஒரு கேஷ் பார்ட்டி இருக்காரு, மூணு லட்சத்து அஞ்சாயிரம் டாலர், மூணு வாரத்துல முடிச்சிரலாம்"னாரு. என் மனைவி அப்பவே கேட்டா, நாமளே லோன் போட்டுத்தானே வாங்கினோம்னு. அது பழைய ரூல் மேடம்னு முடிச்சிட்டாரு. நானும் அவளத்தான் அடக்கினேன், அந்த விலைக்கே வித்துட்டேன், அதுக்கு இன்னிக்கு வரைக்கும் வாங்கிக் கட்டிக்கிறேன்.

டாலஸ் வந்து வீடு பாத்தா, பாத்த அத்தனையும் ஸ்லாப்! இங்க மண்ணு மழைக்கு உப்பி வெயிலுக்கு சுருங்கற களிமண்ணு, பேஸ்மென்ட் தோண்டினா செலவும் வம்பும்தான். ஒஹையோல குளிருக்கு மண்ணு உறையற ஆழத்துக்குக் கீழ அஸ்திவாரத்த இறக்கியே ஆகணும், அவ்ளோ தோண்டினப்புறம் இன்னும் கொஞ்சம் தோண்டி ஒரு ரூமாவே ஆக்கிடறாங்க, அவ்ளோதான் விஷயம். இங்க இருக்கற லோன் ஆபீசர்கிட்ட இந்தக் கதைய சொன்னேன், மனுஷன் சிரிச்சிட்டாரு. பேங்குக்கு வேண்டியது உறுதியான அஸ்திவாரம், குடியிருக்கற நிலைமைல வீடு, பேசின விலைக்கு அப்ரைசல் வரணும். அரசாங்க இன்ஷூரன்ஸோட வர்ற எஃப்எச்ஏ லோனுக்குக் கூட பேஸ்மென்ட் இருக்கணும்னு கண்டிஷன் கிடையாது.

அந்த 2022 ரூல் பொய்யில்ல, அதான் கொடுமை. அந்த வருஷம் ஏப்ரல்ல இருந்து ஃபேனி மே (பேங்குங்ககிட்ட இருந்து வீட்டு லோன வாங்கிக்கற கம்பெனி) லோனுக்கு வீட்டுக்குள்ள வந்து பாத்து செய்யற அப்ரைசல்ல வீட்ட அளக்க ஒரே முறைன்னு கட்டாயமாச்சு, தரைக்குக் கீழ இருக்கற பகுதிய மேல இருக்கற சதுர அடியோட சேக்காம தனியாத்தான் காட்டணும். யோசிச்சுப் பாருங்க, அதுல ஸ்லாப் வீட்டுக்கு என்ன நஷ்டம்? ஒண்ணுமில்ல.

விலை குறையாதுன்னு நான் சொல்ல வரல. பக்கத்து வீடெல்லாம் பேஸ்மென்ட்டோட வித்திருந்தா அப்ரைசர் அதுக்கு ஒரு தொகைய கழிப்பாரு, டொர்னாடோ சூறாவளி சைரன் அடிச்சா எங்க ஓடறதுன்னு சில பேர் வாங்கவும் மாட்டாங்க, நாங்களே சைரன் அடிச்சா பாத்ரூம்ல போய் உக்காந்திருக்கோம். ஆனா விலை கொஞ்சம் குறையறது வேற, லோனே கிடைக்காதுங்கறது வேற. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பித்தான் எங்கள கவுத்தாரு.

நாலு மாசம் கழிச்சு சும்மா வீட்டு வரிக் கணக்கு வெக்கற கவுன்ட்டி ஆடிட்டர் சைட்ல எங்க பழைய அட்ரஸ் போட்டுப் பாத்தேன், வித்த விலை எல்லாருக்கும் தெரியற மாதிரி அதுல இருக்கும். கேஷ் பார்ட்டி அத மறுபடி வித்திருக்காரு, மூணு லட்சத்து அம்பத்திரண்டாயிரம். பத்திரம் பதியற ரெக்கார்டர் சைட்ல பாத்தா வாங்கினவங்க மார்ட்கேஜ், அதாவது லோன், போட்டுத்தான் வாங்கியிருக்காங்க. நியாயமா சொல்லணும்னா விக்கறதுக்கு முன்னாடி கார்பெட் மாத்தி பெயிண்ட் அடிச்சிருக்காங்க, அதுக்கு நாப்பத்தேழாயிரமா?

அத விட, ரெண்டாவது தடவ வித்துக் கொடுத்த ஏஜென்ட்டும் அதே ஆளு. எங்க டீல்லயும் அந்த கேஷ் பார்ட்டிக்கும் சேத்து அவரேதான் ஏஜென்ட்டாம், ஏஜென்ட் யாருக்காக வேலை செய்றாருன்னு ஒஹையோல கொடுக்கற ஏஜென்சி டிஸ்க்ளோஷர் ஃபார்ம்ல அது இருந்திருக்கு, நான் போன்ல இ-சைன்ல மஞ்சளா தெரிஞ்ச எடத்துலல்லாம் தட்டிட்டே போயிருக்கேன். நீங்களாவது அந்த ஒரு ஃபார்ம உக்காந்து படிங்க, லிஸ்டிங், அதாவது விக்கற விளம்பரம், போடாம நேரா கேஷ் பார்ட்டின்னு ஆரம்பிச்சா வேற ரெண்டு ஏஜென்ட்டக் கூப்பிட்டு விலை கேளுங்க, ஒரு லோன் ஆபீசருக்கு போன் போட்டுக் கேக்கறதுக்கு காசு கிடையாது.

மாநில ரியல் எஸ்டேட் டிவிஷன்ல கம்ப்ளெயின்ட் போட்டிருக்கேன், இன்னும் முடிவு வரல. ரெண்டாவது தடவ விக்க அவர் போட்ட லிஸ்டிங்கோட ஸ்க்ரீன்ஷாட்டையும் சேத்து அனுப்பியிருக்கேன். "ஏறி இறங்க வேண்டிய பேஸ்மென்ட் படி இல்ல, மழைத் தண்ணி உள்ள வருமோங்கற கவலையும் இல்ல"ன்னு அதே மனுஷன் எழுதியிருக்காரு.