என்கிளெக்ஸ் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பா, வினா வங்கியா?

அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியராகப் பணியாற்றுவதற்கான என்கிளெக்ஸ் தேர்வுக்கு நான் இரண்டு வழிகளிலும் தயாரானேன். முதல் நான்கு மாதங்கள் இணையவழி நேரலைப் பயிற்சி வகுப்பில் படித்தேன்; அடுத்த மூன்று மாதங்கள், பயிற்சி வினாக்களை விளக்கங்களுடன் தரும் ஒரு வினா வங்கிக்குச் சந்தா கட்டித் தனியே பயின்றேன். தேர்ச்சி பெற்ற பிறகு, உடன் பணியாற்றும் இளைய செவிலியர்கள் இவற்றில் எதற்குப் பணம் செலுத்தலாம் என்று தொடர்ந்து கேட்கிறார்கள். என் சாய்வு வினா வங்கியின் பக்கமே. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு; அந்த நிபந்தனையை விளக்கவே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

கட்டணத்தையும் நேரத்தையும் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். நான் விசாரித்த அளவில் வகுப்புகளின் கட்டணம் வினா வங்கிகளுடையதைவிட அதிகமாகவே இருந்தது. இரவு டூட்டி வரும் வாரத்தில் நேரலை வகுப்பு கைநழுவிப் போகும், வினா வங்கியை அரை மணி நேரம் கிடைத்தாலும் திறக்கலாம். வகுப்பு நம்மை ஒரு நேர ஒழுங்குக்குள் நிறுத்தும், வினா வங்கி அதைச் செய்யாது. இவற்றில் எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை.

தீர்மானித்தது தேர்வின் இயல்பு. 2023 ஏப்ரலில் அறிமுகமான புதிய வடிவம், செவிலியரின் நினைவாற்றலைவிட அவர் நோயாளியைப் பார்த்து முடிவெடுக்கும் முறையையே அளக்க முற்படுகிறது. அந்த முடிவெடுத்தலை அது ஆறு படிகளாகப் பிரிக்கிறது: கவனிக்க வேண்டிய அறிகுறிகளை இனங்காணுதல், அவற்றைப் பகுத்தாய்தல், சாத்தியமான சிக்கல்களுள் எது முதன்மையானது என்று வரிசைப்படுத்துதல், தீர்வுகளை வகுத்தல், செயல்படுதல், விளைவை மதிப்பிடுதல். மதிப்பெண்ணுக்குரிய மூன்று நோயாளி வரலாறுகள் ஒவ்வொன்றும் இந்த ஆறு படிகளைத் தொடரும் ஆறு வினாக்களுடன் வருகின்றன. ஒரு வினாவுக்கு விடையளித்து நகர்ந்துவிட்டால் திரும்பிச் சென்று மாற்ற இயலாது. மொத்த வினாக்கள் குறைந்தது 85, அதிகபட்சம் 150. நேரம் 5 மணி.

இப்படிப்பட்ட தேர்வில் ஒரு விடை தவறு என்று அறிவதால் பெரிய பயன் இல்லை. ஆறு படிகளில் எந்தப் படியில் கால் சறுக்கியது என்று அறிந்தாக வேண்டும். என் வகுப்பில் அதற்கு இடமே இருக்கவில்லை. ஆசிரியர் வினாவைத் திரையில் காட்டுவார், எங்களில் யாரோ ஒருவர் விடை சொல்வார், ஆசிரியர் விளக்குவார். கேட்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவு ஆசிரியருடையது என்பது எனக்கு வெகு நாள்கள் புரியவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். "முதலில் மதிப்பீடு, பிறகுதான் செயல்" என்ற சூத்திரம் வகுப்பில் பலமுறை வலியுறுத்தப்பட்டது. இரத்தம் ஏற்றத் தொடங்கிய 15 நிமிடங்களில் நோயாளிக்குக் குளிர் நடுக்கமும் இடுப்பு வலியும் வருகின்றன, உடல் வெப்பம் உயர்ந்திருக்கிறது, செவிலியர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது வினா. சூத்திரத்தை நம்பி, நாடி, இரத்த அழுத்தம் போன்ற வைட்டல்ஸ் பார்ப்பதைத் தேர்ந்தெடுத்தேன். தேவையான மதிப்பீட்டை வினாவே கொடுத்துவிட்டது. இரத்தம் ஏறுவதை உடனே நிறுத்துவதுதான் முதற்செயல், புதிய குழாய் வழியே நார்மல் சலைன் என்ற உப்புக் கரைசலைச் செலுத்துவதும் மருத்துவருக்குத் தெரிவிப்பதும் அதன் பின்னர் வருபவை. வார்டில் இதே நிலை வந்திருந்தால் என் கை தானாகவே இரத்தத்தை நிறுத்தியிருக்கும். தாளில் மட்டும் நான் அனுபவத்தை ஒதுக்கிவிட்டுச் சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் இருந்த நான்கு மாதங்களில் இந்தப் பழக்கம் என் கண்ணில் படவில்லை. வினா வங்கியில் என் தவறுகளை எழுதி வைக்கத் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் பட்டது.

அந்த எழுத்துதான் நான் சொன்ன நிபந்தனை. ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டில், தவறிய ஒவ்வொரு வினாவுக்கும், ஊகத்தில் சரியாகிப்போன வினாவுக்கும், இரண்டு மூன்று வரிகள் எழுதினேன்: எந்தப் படியில் தவறு நேர்ந்தது, அப்போது என் மனத்தில் ஓடிய எண்ணம் என்ன, எந்த அறிகுறியைப் பார்த்தும் கடந்து போனேன். எனக்கு விஷயமே தெரியாததால் நேர்ந்த தவறுகள்தான் மிகுதியாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். பாதிக்கும் மேற்பட்டவை விஷயம் தெரிந்தும் முதற்படியிலோ மூன்றாம் படியிலோ நேர்ந்தவையாக இருந்தன.

முதற்படித் தவறு எப்படிப்பட்டது என்பதற்கு இன்னொரு வினா. இதயச் செயலிழப்புக்கு ஃப்யூரோசமைடு என்ற சிறுநீர்ப்போக்கு மருந்தும் டிகாக்ஸின் என்ற இதய மருந்தும் எடுத்துவரும் முதியவர், பொட்டாசியம் 3.0, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 52, குமட்டல், மஞ்சளாகத் தெரியும் பார்வை. உடன் நடவடிக்கை தேவைப்படும் குறிப்புகளைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். இந்த நான்கையும் சரியாகக் குறித்தேன். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இயல்பாக இருந்த கிரியேட்டினின் என்ற சிறுநீரகச் சோதனை அளவையும் இரத்த ஆக்ஸிஜன் அளவையும் சேர்த்துக் குறித்தேன். பொருந்துபவை அனைத்தையும் குறிக்கும் இவ்வகை வினாக்களில் சரியான தெரிவுக்கு ஒரு மதிப்பெண் கூடும், தவறான தெரிவுக்கு ஒன்று கழியும். ஆகவே நான்கு கிடைக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் கிடைத்தது. குறைந்த பொட்டாசியம் டிகாக்ஸின் நச்சுத்தன்மையைத் தூண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு வராதிருந்தது, எதைக் கவலைப்படாமல் விடலாம் என்று முடிவெடுக்கும் துணிவு. நோட்டில் ஒரே வகைத் தவறு அடுத்தடுத்து வந்ததால்தான் அதைத் திருத்த முடிந்தது.

இதற்குக் கொடுக்கும் விலை சிறியதன்று. 40 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அவற்றின் விளக்கங்களை, சரியான விடைகளுக்குரியவை உட்பட, வாசித்து நோட்டில் எழுதி முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகும். வாரம் ஒருமுறை முழு நோட்டையும் திருப்பிப் பார்க்க வேண்டும். இந்தப் பராமரிப்பு இல்லாமல் நாளுக்கு 100 வினாக்கள் தட்டிவிட்டுச் சதவீதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, வினா வங்கி வகுப்பைவிடவும் குறைவாகவே உதவும் என்பது என் உறுதியான எண்ணம். அதே வினாக்களை மறுமுறை போடும்போது சதவீதம் ஏறுவதும் பெரும்பாலும் நினைவின் வேலைதான்.

வகுப்புக்கு உரிய மதிப்பையும் கொடுக்க வேண்டும். எந்தப் பணியை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று கேட்கும் பணி ஒப்படைப்பு வினாக்களில் அது எனக்குப் பெரிதும் உதவியது. நம் மருத்துவமனைகளில் நோயாளியைக் குளிப்பாட்டுவதும் சாப்பாடு ஊட்டுவதும் பெரும்பாலும் உறவினர் பொறுப்பாகிவிடுகிறது. அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியருக்குக் கீழே, உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலியர், உதவிப் பணியாளர் என்று தனித்தனி நிலைகள் உண்டு. நிலையற்ற நோயாளியையும், முதல் மதிப்பீட்டையும், நோயாளிக்குப் புதிதாகக் கற்பிப்பதையும் பதிவுபெற்ற செவிலியர் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். நாம் பார்த்தே இராத இந்த அமைப்பை ஒருவர் எடுத்துச் சொல்லக் கேட்பது நல்லது. பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்புட்டமால் அல்புட்டெரால், அட்ரினலின் எபினெஃப்ரின் என்பதையும் வகுப்பில்தான் பழகினேன். மனநலப் பகுதியிலும் வகுப்பே மேல். அச்சத்தில் இருப்பவரிடம் "ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்" என்று சொல்வது நமக்கு அன்பின் மொழி. அந்தத் தேர்வில் அது போலி ஆறுதல், ஆகவே தவறான விடை. எதைச் சொல்லி அவரை மேலும் பேசவைக்கலாம் என்பதை உரையாடலாகக் கேட்டபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

நான் தேர்வுக்குப் படித்த காலம் முழுவதும் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியில் இருந்தேன் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வினாவை வாசித்ததும் ஒரு படுக்கையும் ஒரு முகமும் மனத்தில் தோன்றும் நிலை எனக்கு அமைந்திருந்தது. கல்லூரிக்குப் பிறகு மகப்பேறு வார்டில் பணியாற்றாததால், அந்தப் பகுதி வினாக்களில் நோட்டு மட்டும் போதவில்லை. சிசுவின் இதயத் துடிப்பு வரைபடங்களைப் புரிந்துகொள்ள வகுப்பின் பதிவுகளுக்கே திரும்பிப் போனேன். நோயாளிப் பணியிலிருந்து பல ஆண்டுகள் விலகியிருந்து எழுதுபவருக்கு எல்லாப் பகுதிகளும் அப்படி இருக்கக்கூடும். அவர் வகுப்பில் தொடங்குவதே நல்லது என்று நினைக்கிறேன், ஆனால் இதை என் அனுபவத்திலிருந்து சொல்லவில்லை.

இரண்டுக்கும் பணம் கட்ட வசதியுள்ளவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்கட்டும். வினா வங்கிச் சந்தாவின் நாள்கள் அதைச் செயல்படுத்திய அன்றே ஓடத் தொடங்கிவிடும். வகுப்பு நடக்கும்போதே அதைத் தொடங்கி, என்னோடு படித்த இருவர் பாதி நாள்களை இழந்தார்கள். வகுப்பு முடிந்து, அடுத்த மூன்று மாத டூட்டி ஓரளவு சீராக இருக்கும் என்று பொறுப்புச் செவிலியரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு தொடங்கினால், நோட்டு எழுதவும் நேரம் கிடைக்கும்.