ஐசிடியா, கிரிட்டிக்கல் ஸ்கில்ஸா, பொது விசாவா? தென்னாப்பிரிக்காவில் தங்க நினைப்பவர்களுக்கு

மெல்ரோஸ் சுப்பிரமணியர் கோயிலில் போன கார்த்திகைக்கு பிரசாதத் தட்டோடு நிற்கும்போது ஒரு தம்பி கேட்டார். "அண்ணே, என் மச்சானுக்கு ஆன்சைட் குடுத்திருக்காங்க. ஜோகன்னஸ்பர்க்தான். ஐசிடியாம், நாலு வருஷம். வந்துட்டா அப்படியே பிஆர் வாங்கிடலாம்ல?"

பிஆர், அதாவது இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை, அப்படி வாங்க முடியாது. அதைச் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. அதே கேள்வியோடு இன்னும் பல பேர் இருப்பதால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

கம்பெனி எடுத்துத் தரும் வேலை விசாவில் மூன்று வகை உண்டு. மூன்றும் 2002ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 19ஆம் பிரிவில்தான் இருக்கின்றன. 19(2) பொது வேலை விசா. 19(4) கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ், அதாவது அரசின் பட்டியலில் உள்ள தொழில்களுக்கானது. 19(5) ஐசிடி, அதாவது வெளிநாட்டுக் கிளையிலிருந்து அதே கம்பெனியின் இங்குள்ள கிளைக்கு ஆளை மாற்றி அனுப்புவது. எந்த விசாவில் வந்தாலும் அலுவலகமும் வாடகை வீடும் ஒரே மாதிரிதான் இருக்கும். நாலாம் வருடம் முடியும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

முதலில் ஐசிடி. நான் பட்டது இதில்தான்.

கிடைப்பதற்கு மூன்றிலும் சுலபமானது இதுதான். ஊரில் அதே கம்பெனியில் குறைந்தது ஆறு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். இங்குள்ள ஒருவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கும் திட்டம் ஒன்றைக் கம்பெனி எழுதித் தர வேண்டும். தொழிலாளர் துறையின் சான்று தேவையில்லை, உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று விளம்பரம் போட்டுக் காட்டவும் வேண்டாம். அதனால் எச்ஆர் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். அவர்கள் நோக்கில் அது சரி. ப்ராஜெக்ட்டுக்கு ஆள் வேண்டும், ஆள் வந்துவிடுவார்.

ஆனால் ஐசிடிக்கு உச்சவரம்பு நாலு வருடம், புதுப்பிக்க வழியில்லை. வேலை விசாவில் இருந்து பிஆர் கேட்க ஐந்து வருடம் வேண்டும், கூடவே இங்குள்ள கம்பெனியின் நிரந்தர வேலைக் கடிதமும் வேண்டும். ஐசிடியில் இரண்டும் அமையாது. நாலு ஒருநாளும் ஐந்தாகாது, வேலையும் ஊர்க் கம்பெனியோடுதான் கட்டியிருக்கும்.

நடுவில் வகையை மாற்றிக்கொள்ளலாம். இங்கிருந்தபடியே கிரிட்டிக்கல் ஸ்கில்ஸுக்கு மனுப்போட வழி உண்டு. அதை மூன்றாம் வருடத்திலாவது தொடங்கியிருக்க வேண்டும், நான் தொடங்கவில்லை. அன்றைய என் கம்பெனி "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது, நானும் நம்பினேன். கையிலிருக்கும் விசா முடிய 60 நாளுக்கு முன்பே அடுத்த மனு உள்ளே போயிருக்க வேண்டும் என்பது விதி. அந்த 60 நாள் வந்தபோது என்னிடம் பட்டத்தை மதிப்பிடும் சாக்வா அமைப்பின் சான்றும் இல்லை, தொழில் அமைப்பின் கடிதமும் இல்லை. மிட்ராண்ட் வீட்டைக் காலி செய்து, பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, சென்னைக்குத் திரும்பினோம். பதினான்கு மாதம் கழித்து 19(4)இல் மறுபடி வந்தேன். முந்தைய நாலு வருடம் பிஆர் கணக்கில் பூஜ்யம். விசா முடிந்த பிறகு சும்மா தங்கிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 30 நாளுக்குள் மீறினாலே 12 மாதம் நுழைவுத் தடை, அதற்கு மேல் போனால் ஐந்து வருடம்.

சரி, கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ். அரசு வெளியிடும் பட்டியலில் உங்கள் தொழில் இருக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் வந்த பட்டியலில் 101 தொழில்கள் இருந்தன. அதே வருடம் ஆகஸ்டில் மருத்துவத் தொழில்கள் சேர்ந்தன, 2023 அக்டோபரில் மறுபடி திருத்தம் வந்தது. ஆகவே பழைய பட்டியலை வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பட்டியலில் உள்ள பெயரும் ஆஃபர் லெட்டரில் உள்ள பதவியின் பெயரும் ஒத்துப்போக வேண்டும். நம் கம்பெனிகள் "அசோசியேட் கன்சல்டன்ட்" என்று போடுவார்கள். பட்டியலில் அப்படி ஒரு தொழில் இல்லை. செய்யும் வேலை சாஃப்ட்வேர் டெவலப்பர் வேலைதான் என்றால் அதைக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு வரி திருத்தம்தான், மனு நிற்பதும் விழுவதும் அதில் இருக்கிறது.

இதில் நிறைய ஓட்டம் உண்டு. ஊர்ப் பட்டத்தை சாக்வா மதிப்பிட வேண்டும். பொறியாளர்களுக்கு எக்ஸா, கணினிக்காரர்களுக்கு ஐஐடிபிஎஸ்ஏ போன்ற தொழில் அமைப்பின் கடிதம் வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து மார்க் ஷீட் சரிபார்ப்பு வர எவ்வளவு நாளாகும் என்று உங்களுக்கே தெரியும். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். கோயம்பேட்டில் இறங்கி நேரில் போய்க் கேட்பதற்கும் இங்கிருந்து மின்னஞ்சல் போடுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் பலன் பெரியது. பட்டியலில் உள்ள திறன், அதில் ஐந்து வருட அனுபவம், தொழில் அமைப்பின் கடிதம் எல்லாம் இருந்தால் 27(b) பிரிவில் பிஆருக்கு மனுப்போடலாம். இங்கே ஐந்து வருடம் குடியிருந்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பொது வேலை விசாவுக்கு 2024 அக்டோபரிலிருந்து புள்ளிக் கணக்கு வந்துவிட்டது. 100 புள்ளி எடுக்க வேண்டும். பட்டியலில் உள்ள தொழிலுக்கு அதற்காகவே 100 கிடைத்துவிடும். பட்டியலுக்கு வெளியே இருப்பவர்கள்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். பி.இ. படித்தவர், ஏழு வருட அனுபவம், மாதம் 60,000 ராண்ட் சம்பளம். பட்டத்துக்கு 30. வருடச் சம்பளம் 6,50,976 ராண்டுக்கும் 9,76,194 ராண்டுக்கும் நடுவில் வருவதால் 20. ஐந்திலிருந்து பத்து வருட அனுபவத்துக்கு 20. ஆட்சிமொழி ஒன்று தெரிந்ததற்கு 10, ஆங்கிலமே போதும். மொத்தம் 80, தேறாது. பத்து வருடத்துக்கு மேல் அனுபவம் இருந்தாலும் 90தான். அதே ஆள் எம்.இ. முடித்து, அது முதுகலை நிலையாக மதிப்பிடப்பட்டால் பட்டத்துக்கு 50 வரும், சரியாக 100. சம்பளம் 9,76,194ஐத் தாண்டினால், அதாவது மாதம் ஏறக்குறைய 81,350 ராண்டுக்கு மேல் போனால், சம்பளத்துக்கே 50. அரசின் நம்பகமான முதலாளிகள் திட்டத்தில் உள்ள கம்பெனி என்றால் 30 கூடும், பி.இ.காரரும் 110இல் தாண்டிவிடுவார். அதனால் கம்பெனி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சம்பளப் பேரத்தில் இரண்டாயிரம் ராண்ட் கூட்டிக் கேட்பதைவிட அந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம்.

இந்த மொழிப் புள்ளியைப் படிக்கும்போது எனக்கு ஒன்று நினைவுக்கு வரும். தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவில், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயர் இருக்கிறது. புள்ளி தரும் ஆட்சிமொழி அல்லதான், ஆனாலும் சட்டப் புத்தகத்தில் அந்தப் பெயரைப் பார்த்த அன்று வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

பொது விசா ஒரே முறையில் ஐந்து வருடம் வரை தருவார்கள். முதலாளியை மாற்றினால் புது மனு. பிஆருக்கு வழி 26(a), ஐந்து வருடம் தொடர்ந்து இருந்து நிரந்தர வேலைக் கடிதத்தோடு கேட்பது. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து டர்பனில் சேர்ந்த தோட்டக் கூலிகளின் ஒப்பந்தமும் ஐந்து வருடம்தான். பிற்பாடு, ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே இருக்க விரும்பியவர்கள் மேல் வருடம் மூன்று பவுன் தலைவரி போட்டார்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகு என்ன என்ற கேள்வி இந்த மண்ணில் நமக்குப் புதிதில்லை.

என்னைக் கேட்டால் வரிசை இதுதான். தொழில் பட்டியலில் இருந்தால் 19(4), வேறு யோசனையே வேண்டாம். இல்லாவிட்டால் புள்ளிக் கணக்குப் பார்த்து 19(2). நாலு வருடம் சம்பாதித்து ஊர் திரும்புவதுதான் திட்டம் என்றால் மட்டும் ஐசிடி, அதற்கு அது நல்ல விசாதான்.

குடும்பத்தோடு வருபவர்கள் இதையும் தெரிந்து வாருங்கள். மூன்றில் எதில் வந்தாலும் கூட வரும் மனைவியோ கணவரோ அந்த விசாவில் வேலை பார்க்க முடியாது. ஊரில் பன்னிரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்த என் மனைவி இங்கே வீட்டில் இருந்த வருடங்களை நான் லேசாகச் சொல்லமாட்டேன். அவருக்கென்று தனி விசா எடுக்க முடியுமா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். உங்களுக்கு பிஆர் வந்தவுடன் அவருக்கும் தானாக வந்துவிடாது. திருமணமாகி ஐந்து வருடம் ஆகியிருந்தால் 26(b), 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 26(c), எல்லாம் தனித்தனி மனு.

காத்திருப்பும் அதிகம். 2024 நடுவில் உள்துறையில் தேங்கிக் கிடந்த விசா மனுக்கள் மட்டும் 3 லட்சத்துக்கு மேல். எனவே மனுப்போட்ட ரசீதை நகலெடுத்து பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பிஆர் கிடைத்த பிறகும், மூன்று வருடம் தொடர்ந்து வெளியே இருந்தால் அது போய்விடும்.

அப்புறம் போலீஸ் சான்று. 12 மாதமோ அதற்கு மேலோ இருந்த நாடுகளிலிருந்து வேண்டும். கூட வேலை பார்க்கும் ஒருவர் இந்தியச் சான்றைப் பத்திரமாக வாங்கி வைத்திருந்தார். இருபத்து மூன்று வயதில் சிங்கப்பூரில் பதினான்கு மாதம் இருந்தது கவுண்டரில் பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டியபோதுதான் அவருக்கே ஞாபகம் வந்தது. இப்போது அந்தச் சான்றுக்காக விரல்ரேகை கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்.