பூனை வளர்க்கும் வீட்டில் ஹெப்பா ஏர் பியூரிஃபையர்: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் அம்மாவின் விமர்சனம்

எங்கள் மகளுக்கு எட்டு வயது. ஆஸ்துமா உண்டு. தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையில் பூனைக்கும் தூசிப்பூச்சிக்கும் நன்றாகவே தடித்தது. வீட்டில் செம்பட்டை நிறத்தில் ஒரு பூனையும் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லாமல் மெஷின் நல்லது, கெட்டது என்று எழுதினால் யாருக்கும் பயன்படாது.

வாங்கியது ஹெப்பா ஃபில்டர் (மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் வடிகட்டி) உள்ள நடுத்தர விலை ஏர் பியூரிஃபையர். பெட்டியின் மேல் இத்தனை சதுர மீட்டர் அறைக்குப் போதும் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை விட்டுவிட்டு, மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தருகிறது என்று சின்ன எழுத்தில் இருப்பதைத் தேடிப் பாருங்கள். மகள் தூங்கும் அறை கிட்டத்தட்ட 30 கன மீட்டர். அறையின் காற்று மணிக்கு ஐந்து முறையாவது ஃபில்டர் வழியே போக வேண்டும் என்றால் மணிக்கு 150 கன மீட்டர் தேவை. எங்கள் மெஷின் முழு வேகத்தில் அதைத் தாராளமாகத் தாண்டும். ஆனால் அந்தச் சத்தத்தில் எந்தக் குழந்தையும் தூங்காது. இரவு மோடில் சத்தமே இல்லை, காற்றும் அதற்கேற்ப குறைவு. அதனால் சாயங்காலமே அறைக் கதவை மூடி முழு வேகத்தில் ஓடவிட்டு, படுக்கும் நேரத்தில் நடு வேகத்துக்குக் குறைக்கிறோம். வாங்கும்போது உங்கள் தேவையைவிட ஒரு சைஸ் பெரியதாக வாங்குங்கள்.

பின்பக்க மூடியைக் கழற்றினால் முதலில் ஒரு வலை. வாரக் கடைசியில் பார்த்தால் அதில் செம்பட்டை முடியும் சாம்பல் நிறத் தூசியும் பின்னிக்கொண்டு, கம்பளித் துணி போல உரித்தெடுக்க வரும். பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளைக்கு மூச்சு இழுப்பை வரவைப்பது அந்த முடி இல்லை. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பியிலும் இருக்கும் ஃபெல் டி 1 என்ற புரதம்தான் முக்கியக் காரணம். பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அது முடியில் ஒட்டும், காய்ந்ததும் மிக நுண்ணிய துகளாகக் காற்றில் மிதக்கும், சுவர், சோஃபா, துணி என்று எதிலும் ஒட்டும். மிதப்பதை ஹெப்பா பிடிக்கும். 0.3 மைக்ரான் துகளிலேயே நூற்றுக்கு 99.97 பங்கை நிறுத்தும் வடிகட்டிக்குத்தான் அந்தப் பெயர். சோஃபாவிலும் மெத்தையிலும் ஏற்கெனவே படிந்திருப்பதை அது என்ன செய்யும்? தூசிப்பூச்சி விஷயத்திலும் அப்படியே. அதன் துகள் கனமானது, சீக்கிரம் கீழே இறங்கிவிடும். டர்பனின் ஈரக்காற்றில் இந்தப் பூச்சிக்குக் கொண்டாட்டம்தான். அதற்கு மெத்தை, தலையணைக்கு இறுக்கமான உறை போட வேண்டும், விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும்.

முன்னால் எரியும் கலர் லைட்டையும் முழுசாக நம்ப வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால், கடுகு தாளித்தால் உடனே சிவப்பாகிறது. பூனை எப்போதாவது நம் கண்ணை ஏமாற்றி அறைக்குள் நுழைந்து கட்டிலில் உருண்டாலும் பச்சையாகவே நிற்கிறது. அது எண்ணுவது பொதுவான துகளை. அலர்ஜிப் பொருள் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

சரி, குழந்தைக்குக் குணம் தெரிந்ததா? தெரிந்தது. காலையில் மூக்கடைப்போடு எழுவது வெகுவாகக் குறைந்தது, இரவு இருமலும் குறைந்தது. ஆனால் அதே சமயத்தில் டாக்டர் தினசரித் தடுப்புப் பம்ப்பை (இழுப்பு வராமல் தடுக்கும் இன்ஹேலரை) ஆரம்பித்து வைத்தார், பூனைக்கும் அந்த அறையில் நிரந்தரத் தடை போட்டோம். நடுவில் மாற்று ஃபில்டர் கிடைக்காமல் மெஷின் சில வாரம் சும்மா நின்றது. அப்போது மூக்கடைப்பு திரும்பி வந்தது, இழுப்பு வரவில்லை. அதை வைத்துச் சொல்கிறேன்: மூச்சைக் காத்தது பம்ப், மூக்குக்கு உதவியது மெஷின்.

அதனால் கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் தடுப்புப் பம்ப்பும், அதன் மருந்து நுரையீரலுக்குள் நன்றாகப் போக உதவும் ஸ்பேசர் என்ற குழாயும்தான் முதலில். ஸ்பேசர் வாங்க முடியாத வீடுகளுக்கு வழி காட்டியதே நம் தென்னாப்பிரிக்கா. கேப் டவுனில் பேராசிரியர் ஹெதர் ஸார் (Heather Zar) தலைமையில் நடந்து 1999-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில், 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்ப்புக்கு அளவாக ஓட்டை போட்டு, காற்று கசியாமல் ஒட்டிய ஸ்பேசர், கடையில் விற்கும் ஸ்பேசருக்குச் சமமாகப் பலன் தந்தது. ஆயிரக்கணக்கான ராண்ட் மெஷினைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வராது.

மெஷினில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. கரன்ட் போய் வந்தால் அது தானாக ஓடாது. தொடு பட்டன் என்பதால் யாராவது எழுந்து போய் அழுத்த வேண்டும். லோட் ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) முன்போல இல்லை என்றாலும், கேபிள் திருட்டு, மழை என்று ஏதோ ஒன்றில் கரன்ட் போகத்தான் செய்கிறது. நடு இரவில் போய் வந்தால் விடியும் வரை மெஷின் தூங்கும், மகள் இருமுவாள். திருகும் குமிழ் வைத்த மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள். கடையில் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகிக் காட்டச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கும் இந்த மெஷின் வராது. பூனை வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளின் உடுப்போடு அந்தப் புரதம் வகுப்புக்கே போய்விடுகிறது. வகுப்பில் பூனை வீட்டுப் பிள்ளைகள் அதிகமாக இருந்தால், பூனை அலர்ஜி உள்ள ஆஸ்துமா குழந்தைகளுக்குத் தொந்தரவு கூடுகிறது என்று ஸ்டாக்ஹோம் பிள்ளைகளை வைத்து 2001-ல் ஓர் ஆய்வு வந்தது. இழுப்பு வந்தால் உடனே உறிஞ்சும் நீலப் பம்ப் பள்ளிப் பையில் இருந்தே ஆக வேண்டும்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "பூனையை யாருக்காவது கொடுத்துடும்மா, மெஷினுக்கு ஏன் காசைக் கொட்டுற?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். பூனையை அனுப்புவதைவிடப் பலமான வழி கிடையாது. அனுப்பிய பிறகும் அந்தப் புரதம் வீட்டில் மாதக்கணக்கில் இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அடுத்த பரிசோதனையில் மூச்சு அளவு இறங்கியிருந்தால் பூனை டர்பனுக்குப் பக்கத்து ஊரான டோங்காட்டில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போகும். மகளிடமும் இதைச் சொல்லியிருக்கிறோம். அழுதாள், ஆனால் சம்மதித்தாள்.

பிள்ளை தனி அறையில் கதவை மூடித் தூங்குகிறதா, பூனை அந்த அறைக்குப் போவதே இல்லையா, தாராளமாக வாங்கலாம். பூனை பிள்ளையின் காலடியில் தூங்கும் வீட்டில் இது வீண் செலவு. ஐயனைசர் (காற்றில் மின்னூட்டம் ஏற்றும் வசதி) பட்டன் இருந்தால் அணைத்தே வையுங்கள். சில மெஷின்களில் அது ஓசோனை விடும், ஆஸ்துமா நுரையீரலுக்கு ஆகாது. மாற்று ஃபில்டர் டர்பனில் எப்போதும் கிடைக்கிறதா என்றும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எங்களுடையதை ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது.