ஸ்னாப் மென்பொருளின் நிலவமைப்புத் திருத்தக் கருவி: ஒரு மதிப்பீடு

மலைப்பகுதியின் திருத்தப்படாத ரேடார் படத்தில் சிகரங்களெல்லாம் செயற்கைக்கோளின் பக்கம் சாய்ந்து கிடப்பதுபோல் தோன்றும். ரேடார் தொலைவை வைத்தே இடத்தைக் கணிப்பதால், அடிவாரத்தைவிட ஆண்டெனாவுக்கு நெருங்கியிருக்கும் உச்சியின் எதிரொலி முந்திக்கொண்டு வந்து படத்தில் இடம் மாறி விழுகிறது. செங்குத்திலிருந்து 39 பாகைச் சாய்வில் கதிர் விழுந்தால், 1,000 மீட்டர் உயரச் சிகரம் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். இதைச் சரிசெய்ய, ஐரோப்பிய விண்வெளி முகமை இலவசமாக வழங்கும் ஸ்னாப் மென்பொருளில் 'ரேஞ்ச்-டாப்ளர் டெரெய்ன் கரெக்‌ஷன்' என்றொரு கருவி இருக்கிறது. சென்டினல்-1 என்ற ரேடார் செயற்கைக்கோளின் படங்களுக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதே இங்கே கேள்வி.

இடத்தைப் பொருத்துவதில் குறைசொல்ல அதிகமில்லை. ஒவ்வொரு தரைப்புள்ளிக்கும் உயர மாதிரியிலிருந்து (நிலத்தின் உயரங்களைப் பதிந்த எண்வடிவ வரைபடம்) உயரத்தை எடுத்து, அப்புள்ளியைச் செயற்கைக்கோள் எந்தக் கணத்தில், எவ்வளவு தொலைவிலிருந்து பார்த்தது என்று சுற்றுப்பாதைத் தரவைக் கொண்டு கணக்கிட்டு, அதற்குரிய மதிப்பைப் படத்திலிருந்து எடுத்துவைக்கிறது. தரையில் இடம் துல்லியமாகத் தெரிந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. துல்லியச் சுற்றுப்பாதைக் கோப்பை முன்னதாகவே சேர்த்துவிடுவது நல்லது.

கவனம் வேண்டிய இடம் உயர மாதிரிதான். அதில் 10 மீட்டர் பிழை இருந்தால், அதே 39 பாகையில் புள்ளி சுமார் 12 மீட்டர் தள்ளிப்போகும். சென்டினல்-1 படத்தில் அது ஒரு பிக்சலுக்கும் மேல். 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து அளக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம் மாதிரி வடக்கே 60 பாகையோடு நின்றுவிடுவதால், அதற்கப்பால் கோப்பர்நிகஸ் என்ற ஐரோப்பியத் திட்டத்தின் 30 மீட்டர் உயர மாதிரியையே நாட வேண்டும். சொந்த மாதிரியைக் கொடுப்பவர்கள் அதன் உயரம் கடல்மட்டத்திலிருந்தா, பூமியின் வடிவமாகக் கணிதத்தில் கொள்ளப்படும் நீள்வட்டத் திண்மத்திலிருந்தா என்பதைப் பார்த்து உரிய தெரிவைக் குறிக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே சில பகுதிகளில் 100 மீட்டர் வரை வேறுபாடு உண்டு. தவறாகக் குறித்தாலும் படம் பார்வைக்குக் குற்றமற்றதாகவே இருக்கும் என்பதுதான் வம்பு. உயரத்தரவு இல்லாத இடங்களை மறைக்கும் தெரிவைக் கவனிக்காமல் விட்டால், கடலும் சேர்ந்து வெற்றிடமாகிவிடும்.

கருவியால் முடியாததும் ஒன்றுண்டு. ரேடாரை நோக்கிய சரிவு கிடைமட்டத்திலிருந்து எழும் பாகை, கதிர் செங்குத்திலிருந்து சாயும் பாகையைவிடக் கூடுதலாக இருந்தால், உச்சியும் சரிவும் அடிவாரமும் ஒரே பிக்சலில் கலந்துவிடும். எந்தக் கணக்காலும் அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது. அப்படிப்பட்ட இடங்களில் மதிப்புகள் இழுபட்டு, பளிச்சென்ற பட்டைகளாகத் தெரிகின்றன. அவற்றையும் கதிர் எட்டாத நிழற்பகுதிகளையும் முகமூடியிட்டு ஒதுக்காமல் நிலப்பயன்பாட்டு வகைப்பாடு செய்வது வீண் வேலை.

இடம் சரியானதாலேயே ஒளிர்வும் சரியாகிவிடாது என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. ரேடாரைப் பார்த்த சரிவு இப்போதும் வெளுத்தே இருக்கும். பீட்டா-நாட் (நிலச்சரிவைக் கணக்கில் கொள்ளாத ரேடார் ஒளிர்வு அளவு) அளவுக்கு மாற்றிய படத்தில், சரிவால் வரும் ஒளிர்வு வேறுபாட்டைச் சமன்செய்யும் 'டெரெய்ன் ஃப்ளாட்டனிங்' செய்து, அதன் பிறகே இக்கருவியை இயக்க வேண்டும். காடுகளை ஒப்பிடுபவர்களுக்கு இந்த வரிசை கட்டாயம் என்பேன்.

விமானத்திலிருந்து எடுத்த படங்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சென்டினல்-1இன் 250 கிலோமீட்டர் அகலப் பட்டையில் கதிரின் சாய்வு ஏறக்குறைய 29 முதல் 46 பாகைக்குள் அடங்குகிறது. நாசாவின் யுஏவிசார் போன்ற விமான ரேடாரில் 20 கிலோமீட்டர் அளவிலான பட்டைக்குள்ளேயே அது 25இலிருந்து 65 வரை ஓடுகிறது. காற்றில் அலைபடும் விமானத்தின் பாதையும் சுற்றுப்பாதைபோல் சீரானதன்று. ஆகவே, பறப்புப் பதிவைக் கையில் வைத்திருக்கும் தரவு வழங்குநரே திருத்திக் கொடுத்த படத்தை வாங்கிக்கொள்வதே மேல்.