13பி ரோட்டரி இன்ஜின் விமானத்தில்: ஆயில் ஓட்டமும் பினாங்கு வெயிலும்

13பி என்பது மஸ்டா காரின் ரோட்டரி இன்ஜின்; பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும். அதை விமானத்தில் பொருத்தும்போது, பிஸ்டன் இன்ஜின் பழகிய கைக்குச் சட்டென்று பிடிபடாதது ஆயிலின் வேலை. தண்ணீர் வெளிக்கூட்டை மட்டுமே சுற்றி வரும். உள்ளே சுழலும் ரோட்டரின் சூட்டை எடுப்பது ஆயில்தான். கூலர்கள் வெளியேற்றும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆயில் வழியே போகிறது. நண்பகல் 32, 33 டிகிரியில் ரன்வே ஓரம் காத்து நிற்கும்போது கூலருக்குக் காற்றே கிடைக்காது. உடனே முழு பவரில் ஏற வேண்டும். கடினமான கட்டம் அதுதான்.

மஸ்டா 13பி-யில் ஆயில் போகும் வழி இது: முன்பக்கச் சங்கிலி சுழற்றும் பம்ப், வெளியே உள்ள கூலர், பின்பக்க ஃபில்டர், பிறகு மெயின் பேரிங். அங்கிருந்து எக்சென்ட்ரிக் ஷாஃப்டின் (ரோட்டர்கள் சுழற்றும் நடுத்தண்டு) துளைக்குள் நுழைந்து, ரோட்டர் பேரிங்கை நனைத்து, ஷாஃப்டில் உள்ள ஜெட் வழியே ரோட்டரின் உட்புறத்தில் பீய்ச்சியடிக்கும். ஆயில் அழுத்தம் காட்டும் கேஜின் சென்சரை ஃபில்டர் பக்கம் வையுங்கள். கூலருக்கு முன்னால் வைத்தால், கூலரும் ஒடுங்கிய ஹோஸும் தின்னும் அழுத்தம் தெரியாமலே போய்விடும். ஹோஸ் உள்விட்டம் 5/8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

கவனிக்க வேண்டிய சின்னப் பொருள் ஒன்று ஷாஃப்டின் முன்முனையில் இருக்கிறது: மெழுகு நிரப்பிய தெர்மல் பெல்லட். ஆயில் குளிர்ந்திருக்கும்போது இது ஆயில் வெளியேறும் வழியைத் திறந்து, ஷாஃப்டில் அழுத்தம் ஏறாமல் வைக்கும். ஜெட் மூடியே கிடக்கும். பெல்லட் தேய்ந்தால் சூட்டிலும் அப்படியே நிற்கும். கேஜ் ஓரளவு அழுத்தம் காட்டும், ரோட்டரோ வெந்துகொண்டிருக்கும். குளிர்நாட்டுக் காருக்கு அது தேவை. விடியற்காலையிலும் 23 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் நம் ஊருக்குத் தேவையில்லை. திடமான உலோகப் பெல்லட் போட்டுவிடுவதே சரி. ஹாப்-கட் கடையில் (பழைய காரின் பாதியை வெட்டி விற்கும் கடை) வாங்கிய இன்ஜினென்றால் முதல் வேலை இது. முன் கவரின் ஆயில் ஓ-ரிங்கையும் கையோடு மாற்றிவிடுங்கள். அது பிளந்தால், சூடேறிய பின் அழுத்தம் மெல்ல இறங்கும். பம்ப் கெட்டதென்று நினைத்துப் பம்பை மாற்றிப் பணம் விரயமாகும்.

மின்யாக் ஹீத்தாம் (இன்ஜின் ஆயில்) 20W-50 போதும். இன்ஜினுக்குள் நுழையும் ஆயில் 100 டிகிரியைத் தாண்டக் கூடாது. அடிக்கடி தாண்டினால் ரோட்டரின் பக்கவாட்டு ஆயில் சீலுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் இறுகிவிடும். பிரித்தெடுத்த வளையத்தை விரலால் வளைத்தால் அப்பளம்போல ஒடியும். வெளியே தெரியும் அடையாளம், நிறுத்திவைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது வரும் நீலப் புகை. கூலரைப் பெரிதாக்குமுன் காற்றுக் குழாயைப் பாருங்கள்: கூலர் ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் காற்று ஃபின்னுக்குள் போகாமல் அந்த வழியே நழுவும். முதலில் ஓரங்களை அடைத்துவிடுங்கள்.

ரோட்டரின் மூன்று முனைகளில் உள்ள அபெக்ஸ் சீலுக்கு ஆயில் கொடுக்கும் மீட்டரிங் பம்பை விமானத்தில் பலர் கழற்றிவிடுகிறார்கள். கழற்றினால் அதன் வாயைத் தகடு வைத்து மூடி, பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்தாக வேண்டும்: 128-க்கு 1, அதாவது 100 லிட்டருக்கு 780 மில்லி. மீன்பிடிப் படகின் அவுட்போர்ட் மோட்டாருக்கு விற்கும் டிசி-டபிள்யூ3 ஆயில் சாம்பல் விடாது, பிளக்கும் அடைக்காது. ஆயிலை முதலில் ஊற்றி, அதன்மேல் பெட்ரோல் நிரப்பினால் தானே கலந்துவிடும். மறந்தால் சீல் உலர்ந்து ஹவுசிங்கின் (வெளிக்கூட்டின்) குரோமைக் கீறலாம். டேங்க் மூடியிலேயே அளவை எழுதி ஒட்டிவையுங்கள்.