பித்தநாளக் கல்லுக்கு லேசர்: டர்பனில் எங்கள் ஆயாவுக்குச் செய்தது

பித்தநாளத்தில், அதாவது கல்லீரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாயில், பெரிய கல், வயிற்றைத் திறந்துதான் எடுக்கவேண்டும் என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடுவதற்கு முன் லேசர் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு தனியார் மருத்துவமனையில் எங்கள் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, செய்தார்கள், சிகிச்சைக்கு மட்டும் மதிப்பெண் என்றால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

ஆயா டர்பனிலேயே சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறார், எண்பதை நெருங்குகிறது, சர்க்கரையும் உண்டு. பித்தப்பையை எப்போதோ எடுத்தாகிவிட்டது. அதை எடுத்துவிட்டால் இனி கல்லே வராது என்று நம் ஆட்களில் நிறைய பேர் நினைக்கிறார்கள், அப்படியில்லை, நாளத்துக்குள்ளேயே புதிதாக உருவாகலாம். காமாலை, குளிர்க்காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நாளத்தில் கிருமி ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு காத்திருக்கிற நேரமில்லை அது.

முதலில் போன இடத்தில் இஆர்சிபி செய்தார்கள். வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, பித்தநாளத்தின் வாயைக் கொஞ்சம் அறுத்து, பலூனாலோ கம்பிக்கூடையாலோ கல்லை இழுப்பது. பெரும்பாலான கற்கள் இதிலேயே வந்துவிடும். 15 மில்லிமீட்டருக்கு மேல் போனாலோ, நாளத்தில் இறுகிச் சிக்கிக்கொண்டாலோதான் கஷ்டம், ஆயாவுடைய கல் இரண்டும் சேர்ந்தது. கூடைக்குள் சிக்கவே இல்லை. பித்தம் இறங்குவதற்கு ஸ்டென்ட் என்கிற ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்டென்ட் வைத்தது சரிதான், ஆனால் அது அடைத்துக்கொள்ளும், வழக்கமாக மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை, டிஸ்சார்ஜ் தாளிலும் இல்லை. மறுபடி காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு ஆயா படுத்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

இரண்டாவது இடத்து டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு நிதானமாக விளக்கினார். பெரிய எண்டோஸ்கோப்புக்குள் இன்னொரு மெல்லிய கேமரா குழாய், அது நேராகப் பித்தநாளத்துக்குள்ளேயே போகும், அதன் வழியாக லேசர் இழை. இது ஹோல்மியம் என்ற வகை லேசர், கண்ணுக்குத் தெரியாது, குறிபார்க்க மட்டும் ஒரு பச்சை ஒளி. உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டே சுடுவார்கள், அந்த நீர் லேசரின் சக்தியைச் சட்டென்று உறிஞ்சிவிடுவதால், இழையின் முனை கல்லிலேயே இருக்கும்வரை நாளச் சுவர் தப்பிக்கும். முனை விலகினால் சுவரில் ஓட்டை விழலாம், அதனால்தான் கேமராவில் பார்த்துக்கொண்டே செய்கிறார்கள்.

முடிந்ததும் வீடியோவைக் காட்டினார். பழுப்பு மஞ்சளாக ஒரு கல், அதன் மேல் பச்சைப் புள்ளி. ஒவ்வொரு துடிப்புக்கும் தூள் கிளம்பித் தண்ணீர் கலங்குகிறது, தெளிந்தால் கல்லில் ஒரு குழி, அப்புறம் இன்னொன்று, கடைசியில் வெல்லக்கட்டி மாதிரி பிளந்து விழுகிறது. துண்டுகளைப் பலூனால் குடலுக்குள் இழுத்து விட்டுவிட்டார்கள்.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். எந்த இஆர்சிபிக்குப் பிறகும் கணைய அழற்சி வரலாம், அதைக் குறைக்க ஆசனவாயில் ஒரு மருந்து வைத்தார்கள். பாய்ச்சுகிற நீர் கிருமியை ரத்தத்துக்குள் தள்ளிவிடலாம் என்பதால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள். ஆயாவுக்கு இரண்டும் வரவில்லை, மறுநாள் கஞ்சி குடித்தார்.

நர்ஸுகள் தங்கமானவர்கள். இரவுப் பணியில் இருந்த ஜூலு அம்மா ஒருவர் ஆயாவை 'கோகோ, கோகோ' (ஜூலுவில் பாட்டி) என்று கூப்பிட்டுக்கொண்டே முதுகுக்குத் தலையணை வைத்துவிட்டுப் போவார். ஆனால் ஆபரேஷன் தியேட்டர் நேரம் மோசம். சர்க்கரைக்கார வயதானவரைக் காலையிலிருந்து பட்டினி போட்டு, மதியம் தாண்டியும் எப்போது என்று சொல்ல ஆளில்லை. அதற்காக மொத்தத்தில் ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

பணம்தான் பெரிய தலைவலி. அந்தக் கேமரா குழாய் ஒரே தடவை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப்போடுவது, விலையும் அதிகம், மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) முதலில் முடியாது என்றது. இது ஏன் தேவை என்று டாக்டர் மோட்டிவேஷன் லெட்டர் எழுதிய பிறகே இறங்கி வந்தார்கள். காமாலையோடு வரும் பித்தக்கல் பிஎம்பி பட்டியலில், அதாவது மெடிக்கல் எய்ட் கட்டாயம் பணம் கொடுக்கவேண்டிய நோய்களின் பட்டியலில், இருக்கிறது, முன் அனுமதி கேட்கும்போதே அதைச் சொல்லுங்கள்.

அப்புறம், வீட்டுக்கு அனுப்பும்போது ஸ்டென்ட் உள்ளே இருக்கிறதா, இருந்தால் எந்தத் தேதியில் எடுப்பது என்று தாளில் எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள். ஆயாவுக்கு இந்த முறை ஸ்டென்ட் இல்லை, கல் முழுக்க வந்துவிட்டது, கல்லீரல் ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள்.